வெள்ளைக் குதிரையின் இடது பக்கம்

குதிரை உதைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடிக்கும் என்பது கடிபட்டவர்களுக்குத்தான் தெரியும். மாடு முட்டினால் முட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். குதிரை அப்படியில்லை. கவ்வியதை விடாது; கவ்வியபடியே தலையை ஓர் உதறு உதறும். எங்கள் குதிரை வந்த புதிதில் என் வீட்டுக்காரரின் தோளைக் கவ்வித் தூக்கிக் கீழே போட்டது. போட்டதோடு விட்டதா? விழுந்தவரின் இடுப்பில் ஏறி ஒரு மிதி மிதித்தது. அன்று சாய்ந்த நடை அவருக்கு இன்னும் நேராகவில்லை.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமென்று ஆசைப்பட்டு வாங்கி வந்தவரும் அவர்தான். நல்ல வெள்ளைப் பெட்டை. மயிரை விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் குழந்தையின் உள்ளங்கை மாதிரி சிவந்திருக்கும். மேளம் கேட்டுவிட்டால் சாது. மாப்பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நடப்பாள். பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஊர்வலம் முடிந்து கொட்டடிக்குள் வந்துவிட்டால் பேய். தீனி வைக்கப் போனவர் எவரும் சட்டை கிழியாமல் திரும்பியதில்லை. என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று கயிற்றின் நுனியைப் பிடிப்பதோடு சரி.

அதனால் குதிரையைத் தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாளே என் புஜத்தில் கடித்தாள். வலியில் கண் இருண்டது. அதே வேகத்தில் கையை மூடி அவள் மூக்கின்மேல் ஒரு குத்து விட்டேன். “மூதேவி, ஆரைக் கடிக்கறே?” என்று கத்தினேன். அவள் திகைத்துப்போய் நின்றாள். வாழ்க்கையில் அவளைத் திருப்பி அடித்த முதல் ஆள் நான்தான்போல. எனக்கு ரத்தம் ஒழுகிற்று, அவளுக்கு மூக்கு வீங்கிற்று. மறுநாளிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

நான் கொட்டடிக்குள் போனதும் முதலில் என் கையை முகர்ந்து பார்ப்பாள். விரல் விரலாக, நகத்துக்கு அடியில்கூட மோந்து பார்த்து, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் உடம்பைக் கொடுப்பாள். வேறு யார் கையையும் அவள் முகர்ந்து நான் பார்த்ததில்லை. மற்றவர் கை நீண்டால் காது இரண்டும் பின்னால் மடங்கும், பல் தெரியும், அவ்வளவுதான்.

எனக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை விரித்துப் போட்டு ஓட்டை, நூல் தொங்கல், எண்ணெய்க் கறை பார்ப்பது. கறை இருந்தால் அங்கேயே எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு ஸ்பிரே கன் உண்டு. கரண்டில் ஓடும். அமுக்கினால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மருந்தைப் பீய்ச்சும். கறை கரைந்து, துணி கண் எதிரிலேயே காய்ந்துவிடும். அந்த மருந்து கையில் பட்டால் முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் திகுதிகுவென்று எரியும். மார்கழியில் விரலெல்லாம் பனி வெடிப்பு. வெடிப்பில் ஒரு சொட்டு இறங்கிவிட்டால் அம்மா அல்லாவே என்று கத்த வேண்டியதுதான். அதன் வாடை என் மேல் எப்போதும் இருக்குமாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க மூக்கிலேயே இருக்கிற வாடை மூக்குக்குத் தெரியுமா?

பனிக்காலத்தில் வெள்ளைக் குதிரையை வைத்துக்கொள்வது பெரிய கொடுமை. குளிருக்குச் சூடாக இருக்குமென்று தன் சாணியையே தேடிப்போய் அதன்மேல் படுத்துக்கொள்வாள் அந்தச் சீமாட்டி. விடிந்து பார்த்தால் விலாவெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் முடியாது. பனிக்கு மயிர் அடர்ந்து வளர்ந்திருக்கும். ஈரம் அடியில் தங்கிவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். ஆகவே வெந்நீரில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து, கறையை மட்டும் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் மயிர் நிற்கும் திசைக்கு எதிராகத் தேய்த்து, சாக்குக்கட்டிப் பொடி தூவி, பிரஷ் போட வேண்டும். எத்தனை அவசரமானாலும் இதில் குறுக்கு வழி கிடையாது.

அவளுக்குப் போர்வையும் நான் தைத்ததுதான். ஏதோ ஒரு தேசத்துக்குக் குழந்தைகளின் குளிர்ச்சட்டைக்கென்று வந்த துணி, ஆர்டர் கேன்சலாகி மூலையில் கிடந்தது. தொப்பி வைத்த பனிமனிதர்கள் அச்சடித்த கனத்த துணி. கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டு மடிப்பாக வைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டை வைத்து, அவள் எவ்வளவு உதறினாலும் பிரியாதபடி தையல்மேல் தையல் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டுமே! எங்கள் மண்ணரைச் சந்தில் போகிறவர்கள் செல்போனில் படம் எடுக்காமல் போனதில்லை.

அன்று சேவூரில் ஒரு கல்யாணம். காலையில் மாப்பிள்ளை அழைப்பு. அவளை ஏற்றிப்போகிற சின்ன லாரி, குட்டியானை வண்டி, வருவதற்குள் அவளைத் தயார் பண்ண வேண்டும். போய்ப் பார்த்தால் இடது பக்கம் தோளிலிருந்து தொடை வரை பச்சைச் சாணி. எனக்கு வந்ததே ஆத்திரம்! “உனக்கு இன்னைக்குன்னு பாத்துத்தான் உருளோணுமாடி?” என்று முதுகில் ஒன்று போட்டுவிட்டு, பாதிக் கறை எடுப்பதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது. அவளுக்கு வைக்க வேண்டிய கொள்ளும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. வீடு சந்தின் மறு கோடியில். கொட்டடி வாசலில் என் கொழுந்தன் நின்றிருந்தான். என் வீட்டுக்காரரின் தம்பி. குதிரையை வண்டியில் ஏற்றும்போதும் ஊர்வலத்தின்போதும் கூட இருப்பது அவன் வேலை. அண்ணன் மனைவியை எங்களில் மச்சி என்பார்கள்.

“மச்சி, வண்டிக்காரன் கெளம்பீட்டானாமா. இன்னும் இத்தனை கறை இருக்குது?”

“சித்த பொறு தம்பி. சுடுதண்ணி எடுத்துட்டு வந்தர்றேன். நீ கிட்டப் போயராதே.”

அவன் நல்லவன். ஆனால் எதையும் பொறுக்கமாட்டான். அவன் பிழைப்பே கறை எடுப்பதுதான். எங்கள் சந்திலேயே ஒரு சின்னக் கடை. கம்பெனிகளிலிருந்து கறை பட்ட துணிகள் மூட்டை மூட்டையாக வரும், ஸ்பிரே கன்னை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பான். கிரீஸ், பேனா மை, தக்காளிச் சாறு எதுவானாலும் “எங்கிட்டக் குடுங்க, பத்து நிமிசம்” என்பான். அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளைப் பரப்பில் கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருப்பானா? இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று பிறகு கேட்டார்கள். உயிருள்ள உடம்பில் ஒருவன் கன்னை வைத்து அடிப்பான் என்று யாருக்கு ஐயா தோன்றும்?

நான் கொள்ளை வடித்து, வெந்நீர் வாளியோடு திரும்பி வந்தபோது அவள்மேல் போர்வை போட்டிருந்தது. கொழுந்தன் அவள் தலைப்பக்கம் நின்று ஜிகினா நெற்றிப்பட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனை அவ்வளவு கிட்டத்தில் அவள் விட்டதே எனக்கு ஆச்சரியம். “எல்லாம் முடிஞ்சுது மச்சி, பளபளன்னு பண்ணீட்டேன்” என்றான் சிரித்துக்கொண்டே. நான் வாளியைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அவள் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. தலையைத் திருப்பித் தன் இடது விலாவைத் தானே கடித்தாள். போர்வையோடு சேர்த்து, தன் சதையைக் கடித்தாள்.

அப்புறம் நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு கனைப்பு. அப்படி ஒரு சத்தம் குதிரையிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. முன்கால் இரண்டும் எழுந்தன. இறங்கும்போது ஒரு குளம்பு கொழுந்தனின் தாடையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அவன் சரிந்தான். அவள் திரும்பிப் பின்னங்காலால் சுவரை உதைத்தாள். செங்கல் பெயர்ந்து விழுந்தது. நான் வாளியை எறிந்துவிட்டு அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தேன். அவன் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. கதவை இழுத்துத் தாழ் போட்டேன். உள்ளிருந்து ஒவ்வொரு உதைக்கும் தகரக் கதவு வெளியே புடைத்தது.

சத்தத்துக்குச் சந்தே கூடிவிட்டது. யாரோ கொழுந்தனைக் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். கல்யாணத்துக்கென்று அப்போதுதான் முகச்சவரம் செய்து, கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். தரையில் கிடந்த தம்பியின் பற்களைப் பார்த்தார். மூலையில் கிடந்த இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கொட்டடி ஒரு தோட்டத்துக்காரரின் பழைய குடோன். மண்ணரையில் பாதிச் சந்து அவர்களுடையது. அவரும் குல்லாயும் ஸ்வெட்டருமாக வந்து ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் வாயில் நுரை; தன்னைத் தானே கடித்துக்கொண்டு, சுவரில் உடம்பை அடித்து அடித்து உரசிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, இது வெறிங்க” என்றார் அவர் மெதுவாக. “கார்த்திகைல என்ற கன்னுக்குட்டியை அந்தச் செவலை நாய் கடிச்சு, இப்படியேதான் நுரை தள்ளிச் செத்துது. அந்த நாய் உங்க கொட்டடிப் பக்கந்தான் படுத்துக் கெடந்துது.”

வெறி என்ற சொல் விழுந்ததும் கூட்டம் பின்னால் நகர்ந்தது. கட்டிங் மிஷினில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் பைத்தியம் என்பதற்குத் தங்கள் பாஷையில் “பாகல், பாகல்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்துக்காரர் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பால் பண்ணையில் இருந்தார். யாரும் கிட்டப் போகாதீர்கள், எச்சில் மேலே படக்கூடாது, நான் வருகிறேன் என்றார்.

“அவர் வாரதுக்குள்ள கதவு தாங்காதுங்க” என்றார் தோட்டத்துக்காரர். “வெளிய வந்துச்சுன்னா சந்துல கொழந்தைக இருக்குது. அடிச்சுப் போட்டர்லாமுங்களா?”

எங்கள் ஊரில் கொலை செய்யப் போனாலும் ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் ஆமாங்க என்றார். கடப்பாரை வந்தது, கயிறு வந்தது, இன்னும் இரண்டு பைப் வந்தன. ஜன்னல் வழியாகச் சுருக்குப் போட்டுக் கழுத்தை இறுக்கிக்கொண்டு, மண்டையில் அடிப்பது என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டுக்காரன் என் போனுக்கு அடிக்கிறான், குதிரை கிளம்பியாச்சா என்று. “குதிரை வராது! மாப்பிள்ளையை நடந்து வரச் சொல்லுங்க!” என்று கத்திவிட்டு அணைத்தேன்.

எனக்கு அப்போது என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வெறியாகவும் இருக்கலாம். ஆனால் ஜன்னலில் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. போர்வை இடது பக்கமாகச் சரிந்து, வயிற்றுக்குக் கீழே வரை தொங்கிற்று. அவள் கடிப்பதெல்லாம் அந்தப் போர்வையை. என்னையோ சுவரையோ அல்ல, இடது பக்கத்துப் போர்வையை. அது போனால் அடங்கிவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. தாழை நீக்கி உள்ளே நுழைந்துவிட்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் கத்தியது கேட்டது. “ஏய், உனக்கும் சாவோணுமா?”

உள்ளே போனதும் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் முகர்ந்தாள். காது பின்னால் போயிற்று. அடுத்த கணம் என்னைச் சுவரோடு வைத்து நெருக்கினாள். விலா எலும்பில் ஏதோ முறிந்தது. மூச்சு வரவில்லை. என் கழுத்தில் எப்போதும் கயிற்றில் தொங்குகிற நூல் வெட்டும் கத்தரி கையில் அகப்பட்டது. செக்கிங்காரிக்கு அது தாலி மாதிரி, கழற்றமாட்டோம். அதை வைத்து நெஞ்சுப் பட்டையை அறுத்தேன். அறுபடவில்லை. எந்தச் சண்டாளி இவ்வளவு தையல் போட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு இழை இழையாக வெட்டினேன். அதற்குள் ஓர் உதை தொடையில் விழுந்தது. இன்னொன்று காதோரம் காற்றாகப் போயிற்று. வயிற்றுப் பட்டையும் அறுந்தது. போர்வையை இழுக்க அவள் விலாவில் கையை ஊன்றினேன்.

சில்லென்று இருந்தது. உடனே விரல் வெடிப்புகளில் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது.

எத்தனை வருஷமாகப் பழகிய எரிச்சல்! மூக்குக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது. போர்வை உருவிக்கொண்டு வந்தபோது அதோடு வெள்ளை மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. அடியில் தோல் வெந்து சிவந்து கிடந்தது. கனத்த துணியைப் போட்டு மூடியதால் மருந்து காயவும் வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே நின்று தின்றிருக்கிறது. அவள் என்னை முதுகால் தள்ளிய தள்ளில் நான் வாசலுக்கு வந்து விழுந்தேன். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

“வெறியில்லீங்க! மருந்துங்க! கறை எடுக்கற மருந்தை அடிச்சிருக்கறான்!” என்று கத்தினேன். மூச்சு முட்டி வார்த்தை பாதிதான் வந்தது. என் வீட்டுக்காரர் காதிலேயே வாங்கவில்லை. “என்ற தம்பி மூஞ்சி பேந்து கெடக்குது, நீ குதிரைக்கு வக்காலத்து வாங்கறயா? அக்கட்டால போ!” பைப்பை ஓங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார். தோட்டத்துக்காரர் ஏற்கெனவே சுருக்கை உள்ளே விட்டுவிட்டார். அது அவள் கழுத்தில் விழுந்து இறுகிற்று. நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். அவள் மூச்சு சீறுவது வெளியே கேட்டது.

கொட்டடி வாசலில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒயர் ஓடுவதைப் பார்த்தேன். தொடர்ந்து போனால் நினைத்தபடி கன். பிளக்கில் மாட்டியபடியே கிடந்தது, டப்பாவில் இன்னும் பாதி மருந்து. எடுத்தேன். ஒன்று நான் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும், இல்லை ஏதாவது செய்ய வேண்டும். நேரே என் வீட்டுக்காரரிடம் போய், அவருடைய மப்ளரைப் பிடித்து இழுத்து, புதிதாகச் சவரம் செய்த கன்னத்திலும் கழுத்திலும் கன்னை வைத்து அமுக்கினேன்.

கடகடவென்று சத்தம் கிளம்பியதும் உள்ளே அவள் அலறினாள். கதவின் கீழ்த் தாழ் பிய்த்துக்கொண்டு தெறித்தது. வெளியே இவர் அலறினார். பைப் கையிலிருந்து விழுந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதித்தவர் திரும்பி என்னை ஓங்கி ஓர் அறை அறைந்தார். கல்யாணமாகி அதுவரை அவர் என்மேல் கை நீட்டியதில்லை. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அதைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

“உங்களுக்கும் வெறி புடிச்சிருச்சுங்களா? உங்களையும் அடிச்சுப் போட்டர்லாமுங்களா?”

அவர் கன்னத்தில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார், கையிலிருந்த கன்னைப் பார்த்தார், உள்ளே கழுத்து இறுகிச் சீறிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். எரிச்சலில் கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றியது அவருக்கு. “கயித்தை விடுங்க!” என்று கத்தினார். “விடுங்கடா கயித்தை!” அவர் டா போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீர். மார்கழியில் குதிரைமேல் தண்ணீர் படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். அன்று ஹோஸைக் கொண்டுவரச் சொல்லி நானே அடித்தேன். நல்லவேளை, போர்வெல் தண்ணீர் காலையில் வெதுவெதுவென்று வரும். ஜன்னல் வழியாக விலாவில் பீய்ச்சினோம். முதலில் ஓடினாள், சுவரில் மோதினாள், சறுக்கி விழுந்து எழுந்தாள். பிறகு தண்ணீர் படுகிற இடத்தில் எரிச்சல் அடங்குவது தெரிந்ததோ என்னவோ, தானாகவே இடது பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். கால் நாலும் வெடவெடவென்று ஆடின. என் வீட்டுக்காரர் அதே தண்ணீரில் தன் கழுத்தையும் ஒரு தரம் காட்டிக்கொண்டார்.

டாக்டர் வந்து எட்ட நின்று பார்த்து, நாக்கைப் பார்த்து, தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்து, வெறியில்லை என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தோல் முழுக்க உரிந்திருக்கும் என்றார். தோட்டத்துக்காரர் எங்கேயோ ஓடிப்போய் வாழையிலை நிறைய வெண்ணெயோடு வந்தார், புண்ணுக்குப் பூசலாமென்று. டாக்டர் அவரைத் திட்டிய திட்டில் வெண்ணெய் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. எனக்கு இரண்டு விலா எலும்பில் கீறல். உதட்டில் தையல். ஆனாலும் அன்று எனக்குச் சந்தோஷம். அவள் உயிரோடு இருந்தாள். எமன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஒரு கர்வம்கூட.

அந்தக் கர்வம் தை மாதம்வரைதான். விலா ஆறி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் ஷிப்டு முடிந்து நேரே கொட்டடிக்குப் போனேன். புண் காய்ந்து புது மயிர் அரும்பியிருந்தது. “என்னடி, நல்லாயிருக்கறயா?” என்று கையை நீட்டினேன். முகர்ந்தாள். முகர்ந்த மாத்திரத்தில் கவ்வினாள். உதறினாள். என் வலது கை மோதிர விரலின் நுனி அவள் வாயோடு போயிற்று.

வலியைவிட எனக்கு ஆத்திரம்தான். உனக்காக உதை வாங்கினேன், அறை வாங்கினேன், எலும்பை முறித்துக்கொண்டேன், நன்றிகெட்ட கழுதையே என்று ரத்தம் சொட்டச் சொட்ட நின்று திட்டினேன். அவள் மூலைக்குப் போய் நடுங்கினாள். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. என் குரலுக்குக் காதை முன்னால் வைப்பாள். கிட்டப் போனால் காது மடங்கிவிடும். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டே உள்ளே போய்த் தீனி வைத்தார். அவரை அவள் ஒன்றும் செய்யவில்லை. நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

கொழுந்தனின் தாடைக் கம்பியைப் பிரித்த பிறகு ஒரு நாள் அவன் வந்தான். பாதி வாய்தான் திறந்தது. என் கைக்கட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அதுவரை புரியாத ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன்.

“தம்பி, ஆரையும் கிட்டவே விடாதவ, நீ அத்தனை மருந்தையும் அடிக்கற வரைக்கும் எப்படிடா நின்னா?”

“அதான் மச்சி எனக்கும் புரியல” என்றான் அவன். “கயித்தைத் தொட்டப்பவே கடிக்கத்தான் வந்துச்சு. கன்னை ஒருக்கா அமுக்குனன் பாருங்க, கையில மருந்து வழிஞ்சுது. அதுக்கப்புறம் என்ற கையை மோந்து பாத்துச்சு. விரல் விரலா மோந்துது. மோந்துட்டு, உங்களுக்கு நிக்கறாப்பலயே நின்னுருச்சு மச்சி.”

அவன் போன பிறகு என் கையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன்; எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

அடுத்த வாரம் செக்கிங்கை விட்டுவிட்டேன். “உங்களாட்டக் கண்ணு ஆருக்குங்க வரும், போகாதீங்க” என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். பேக்கிங்குக்குப் போனேன். அட்டைப் பெட்டி வாசனை, பசை வாசனை. புளி, சாம்பல், எலுமிச்சை என்று எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்தேன். பழைய புடவைகளைத் தூக்கிப் போட்டேன். தோலுக்குள் ஊறியது வெளியேற எவ்வளவு நாளாகுமென்று யாருக்குத் தெரியும்? கோடை முழுக்கக் கொட்டடி வாசலில் நின்று, உள்ளே இருக்கிற என் வீட்டுக்காரருக்கு எப்படித் தேய்ப்பதென்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தப்பாகத் தேய்ப்பார், நான் திட்டுவேன். அவள் இருவரையும் பார்த்துக்கொண்டு கொள்ளு தின்பாள்.

இந்த மார்கழி பிறந்த அன்று மறுபடியும் சாணியில் உருண்டிருந்தாள். வெந்நீர் வாளியோடு உள்ளே போனேன். நுனி போன விரலோடு கையை நீட்டினேன். வெகுநேரம் மோந்தாள். மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி, இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி மறைத்துக்கொண்டு, வலது பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். வலது பக்கத்தைத் தேய்த்தேன். இடது பக்கத்தை என் வீட்டுக்காரர் தேய்க்கிறார்.